நடுக்கோட்டைத் தாண்டாது

"விடு. வேலையா இருக்கேன்ல" என்றாள் தையல்காரி, தலையைத் திருப்பாமலேயே.

இடது இடுப்பில், பின்பக்கமாக, யாரோ கவுனைப் பிடித்து இழுத்தார்கள். பெரிய இழுப்பு ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் அம்மா யாரோடோ பேசிக்கொண்டு நின்றுவிட்டால் பொறுமை போன பிள்ளை இழுக்குமே, அவ்வளவுதான். ஊசிக்கு அடியில் பள்ளிச் சட்டையின் காலர் ஓடிக்கொண்டிருந்தது. காலர் முனை திரும்பும்போது கண்ணை எடுத்தால் தையல் கோணிவிடும். அதனால் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிற்று, கை தன்பாட்டுக்குத் துணியை நகர்த்திற்று. முனை திரும்பி, நூலைக் கடித்து அறுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் குழந்தை என்று யாரும் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால், ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு, சுவர்தான் இருந்தது. கவுன் எதிலாவது மாட்டியிருக்கும் என்று நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தாள். ஆணியும் இல்லை, மரச்சிலாம்பும் இல்லை.

வீட்டின் முன்னறைதான் அவள் கடை. ஜன்னலோரம் மிஷின், நடுவில் வெட்டு மேசை, மூலையில் மூன்று பலகையாக மடங்கும் ஆளுயரக் கண்ணாடி. அதன் முன் நிற்பவருக்குத் தன் முதுகும் பக்கவாட்டும் சேர்ந்தே தெரியும். அதைப் பார்த்து மனம் நொந்துகொள்ளாத வாடிக்கையாளர் கிடையாது. இடுப்பளவில் பொய் சொல்லாதவரையும் அவள் கண்டதில்லை. டேப்பைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மனசுக்குள் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்வாள். இப்போது பள்ளி திறக்கும் சமயம். ஆறு வயது, ஏழு வயது, எட்டு வயது என்று அளவுவாரியாக வெட்டிய சட்டைத் துண்டுகள் மேசையில் அடுக்கடுக்காகக் கிடந்தன.

உள்ளறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, திரும்பி வர இன்னும் பல வாரம் ஆகும். இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக நிலைத்த பிள்ளை இது. மாடிப்படி ஏறாதே, வாளி தூக்காதே, தும்மினால்கூடப் பார்த்துத் தும்மு என்று தையல்காரி அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் கண்ணாடிப் பாத்திரம் இல்லம்மா" என்று மகள் சிரிப்பாள். சிரித்தாலும் படியேற மாட்டாள். அவளுக்கும் பயம்தான்.

மறுநாளும் அதே இடத்தில் இழுத்தது. அதற்கு மறுநாள் இழுக்கவில்லை, எரிந்தது. முதுகுத்தண்டை ஒட்டிப் புறப்பட்டு, விலாவுக்குக் கீழே ஒரு பட்டையாக முன்பக்கம் வரைக்கும், இஸ்திரிப்பெட்டியைத் துணி மேல் நகர்த்துவது போல் சூடு மெதுவாக நகர்ந்தது. தோலில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க மிஷினில் குனிந்தால் இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். நான்காம் நாள் காலை, குளித்துவிட்டு வந்து கவுனை மாற்றும்போது, மூன்று பலகைக் கண்ணாடியில் தன் இடப்பக்கத்தைப் பார்த்தாள்.

கொப்புளம் என்று சொல்ல முடியாது. கொப்புளம் தோலுக்கு மேலே எழும்பி நிற்கும். இது தோலுக்கு அடியில் கிடந்தது. கருஞ்சிவப்பு. சில இடத்தில் ஊதா. முதுகுத்தண்டிலிருந்து சுமார் மூன்று அங்குல அகலத்தில் தொடங்கி, இடுப்பை வளைத்து வரவர ஒடுங்கி, வயிற்றுக்கு வந்ததும் மறுபடி விரிந்து, ஐந்தாகப் பிரிந்து நின்றது. நாலு கீழே. ஒன்று மேலே, தனியாக, குட்டையாக.

அவள் சட்டென்று கவுனை இறக்கிவிட்டாள். உள்ளறையில் மகள் பல் துலக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கும் வரைக்கும் அவள் அசையவில்லை.

தோல் டாக்டர் பேச்சில் கலகலப்பான மனிதர். முதுகைப் பார்த்தார், முன்பக்கம் வந்து பார்த்தார், பெரிய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கலகலப்பு கொஞ்சம் குறைந்தது.

"அக்கிதான். ஆனா சும்மா அக்கி இல்ல" என்றார். "சாதாரணமா கொத்துக் கொத்தா நீர்க்கொப்புளம் வரும். உங்களுக்குச் சின்ன ரத்தக் குழாய்களையும் தொட்டிருக்கு. ரத்தம் தோலுக்கு அடியில கசிஞ்சிருக்கு. அபூர்வம்தான், ஆனா நாங்க பாக்காதது இல்ல. ஓரத்துல லேசா நீர் கட்டுது பாருங்க, அது உடையும். மாத்திரை எழுதறேன், ரத்தம் ஒண்ணு டெஸ்ட் பண்ணிடலாம்."

"எங்கிருந்து தொத்துச்சு டாக்டர்? நான் எங்கயும் போகலையே."

"எங்கிருந்தும் தொத்தல. சின்ன வயசுல அம்மை வந்துச்சா?"

"வந்துச்சு. ஒன்பது வயசுல."

"அதேதான் இது. அம்மை இறங்கிடும், ஆனா போகாது. முதுகுத்தண்டு பக்கத்துல நரம்போட வேர்ல போய்ச் சத்தம் போடாம படுத்துக்கும். நாப்பது வருஷம், அம்பது வருஷம் அப்படியே கிடக்கும். ஒருநாள் முழிச்சுக்கும். முழிச்சா எந்த நரம்புல படுத்திருந்துச்சோ அந்த நரம்பைப் பிடிச்சுக்கிட்டே வெளிய வரும்." அவள் முதுகில் தொடாமலேயே விரலால் வழி காட்டினார். "அதனாலதான் ஒரு பக்கம் மட்டும் வருது. நரம்பு நடுவோட முடிஞ்சுடும். இதுவும் நடுக்கோட்டைத் தாண்டாது. பயப்படாதீங்க."

தையல்காரிக்கு நடுக்கோடு தெரியும். எந்தச் சட்டையை வெட்டினாலும் முதலில் சாக்கட்டியால் போடுவது அதைத்தான்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் என் மகளும். அவளுக்கு ஆறு மாசம்."

டாக்டரின் பேனா நின்றது. "அவங்களுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றாள் தையல்காரி.

"அப்போ சரி. வந்தவங்களுக்கு இதால ஒண்ணும் ஆகாது. வராதவங்களா இருந்து, இந்த நீர் அவங்க மேல பட்டா, அவங்களுக்கு அம்மையா வரும். வயித்துல பிள்ளை வேற. பட்ட பத்து நாளுக்குள்ள ஒரு ஊசி போட்டாகணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதான் கேட்டேன். எதுக்கும் துணியால மூடியே வெச்சுக்குங்க."

மகளுக்கு அம்மை வந்ததே இல்லை. வந்ததாக எழுதிக் கொடுத்தது தையல்காரிதான். முதல் வகுப்பில் சேர்க்கும்போது தடுப்பூசி போட வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். அந்த நோயையே வீரியம் குறைத்துச் சின்னச் சீசாவில் அடைத்திருக்கிறார்கள் என்று யாரோ விளக்கினார்கள். என் பிள்ளை உடம்பில் அதைக் கொண்டுபோய் வைப்பதா. ஏற்கெனவே வந்துவிட்டது என்று படிவத்தில் எழுதினாள். அந்த ஒரு வரி ஃபைலிலிருந்து ஃபைலுக்கு நகல் எடுக்கப்பட்டு, கடைசியில் பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் திரும்பக் கேட்கவில்லை. மகளே தனக்கு வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது சொல்லியிருக்கலாம். டாக்டருக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இல்லை டாக்டர், பொய் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி. மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். அந்த ஒரு வரியைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் சிட்டுவைச் சொல்ல வேண்டும்.

சிட்டு அவள் தங்கை. ஆறு வயது.

அம்மையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அக்காதான். அவளுக்கு லேசாகத்தான் வந்தது. அறுபது எழுபது கொப்புளம், கொஞ்சம் காய்ச்சல், நிறைய அரிப்பு. பின்னறையில் தனியாகப் படுக்க வைத்து, தங்கை உள்ளே வரவே கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் நாள் அவளுக்குப் போரடித்தது. அம்மா கடைக்குப் போன சமயம் பார்த்துக் கதவைத் திறந்து, "சிட்டு, வா, விளையாடலாம்" என்று கூப்பிட்டாள். சிட்டு ஓடி வந்தாள். கூப்பிட்டால் வராமல் இருக்கத் தெரியாத பிள்ளை அது.

இரண்டு வாரம் கழித்துச் சிட்டுவுக்கு வந்தது லேசாக வரவில்லை. அவள் கொப்புளங்களில் நீர் இல்லை, ரத்தம் இருந்தது. கொப்புளம் இல்லாத இடத்தில் தோலே கறுத்துக்கொண்டு வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். அன்று சாயங்காலம், எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, சிட்டு எப்படியோ எழுந்து பின்னறைக்கு வந்து, ஒருக்களித்துப் படுத்திருந்த அக்காவின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். இடது கையை அவள் இடுப்பின் மேல் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது. அக்காவின் பொருக்குகள் இன்னும் முழுசாக உதிரவில்லை. அந்தச் சூடு பட்டதும் எரிந்தது. அவள் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கட்டைவிரலைக் கடைசியாக.

"விடு. போய்ப் படு. நாளைக்கு வா."

"நாளைக்கு விடச் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன். போ."

நாளைக்குச் சிட்டு இல்லை. அம்மா அவளுடைய சின்னச் சின்ன உடுப்புகளையெல்லாம் ஒரே நாளில் கத்தரித்துப் போட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அம்மா பெரியவளைக் கட்டி அணைக்கவும் இல்லை. யார் கதவைத் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்பது அம்மாவின் முகத்தில் இருந்தது. தையல்காரி கணவன் உயிரோடு இருந்தவரை அவரிடமும் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை.

டாக்டரிடமிருந்து வந்த அன்று மகள் குளிக்கப் போன நேரத்தில் அவள் கதவைத் தாழ்போட்டுவிட்டு டேப்பை எடுத்தாள். முதுகுத்தண்டில் முனையை வைத்து, தடம் போன வழியிலேயே வளைத்துக்கொண்டு வந்தாள். ஒடுங்கும் இடம், பதின்மூன்று அங்குலம். அதிலிருந்து நடுவில் இருந்த நீளமான கோட்டின் முனை வரைக்கும், ஐந்து. இந்தக் கணக்கு அவளுக்கு எங்கோ நன்றாகத் தெரிந்த கணக்கு. மேசையைப் பார்த்தாள். அடுக்குகளில் முதல் அடுக்கிலிருந்து, தைக்காத ஒரு சட்டைக் கையை உருவி எடுத்து, தோள்முனையை முதுகில் வைத்து, இடுப்பைச் சுற்றிப் படிய வைத்தாள்.

மணிக்கட்டு முனை சரியாக ஒடுக்கத்தில் வந்து நின்றது. நூலிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆறு வயது.

கண்ணாடியில் தெரிந்தது மூன்று பக்கமும். ஒரு நடுவயதுக்காரி, இடுப்பில் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் கை, அதன் நுனியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐந்து ஊதா விரல்கள். விரல்நுனிக்கும் தொப்புளுக்கும் இடையில் ஒரு அங்குலம் இருந்தது.

பழைய பருத்தித் துணியைக் கிழித்து இடுப்பை இறுக்கச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். தன் துவாலையைத் தனியாகப் போட்டாள், தட்டைத் தனியாகக் கழுவினாள், துணிகளைத் தனியாகக் கொதிக்க வைத்தாள். மகள் சோபாவில் உட்கார்ந்தால் அவள் நாற்காலிக்குப் போனாள். மகள் நாற்காலிக்கு வந்தால் மிஷினுக்குப் போனாள். இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவைத்திருந்தாள். மகள் அதை ஒரு நாள் நம்பினாள். இரண்டாம் நாள் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது, "அங்க வெச்சுட்டுப் போ, நானே தேச்சுக்கறேன்" என்ற குரலில் இருந்த வெடுக்கென்ற ஓசை தையல்காரிக்கே கேட்டது.

அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் சடசடவென்று அடித்தது. மிஷின் சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, அறைக்குள் யார் நடந்தாலும் கேட்காத ஒரு மந்தம். துணிக்கட்டுக்கு அடியில் ஈரம் ஊறியிருந்தது. ஓரத்தில் நீர் கட்டியிருந்தது உடைந்துவிட்டது போலிருக்கிறது. இந்தத் தையலை முடித்துவிட்டு மாற்றிக்கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டன.

மிஷின் நின்றது.

"ஏம்மா என்னைத் தொடவே மாட்டேங்கறே?" என்றது மகளின் குரல், காதுக்குப் பக்கத்தில். "நான் என்ன பண்ணினேன்?" நாற்காலி முதுகின் சட்டங்களுக்கு நடுவே மகளின் வயிறு அவள் முதுகில் பட்டது. உள்ளே இருந்த பிள்ளை புரண்டது. அதை அவள் தன் முதுகில் உணர்ந்தாள்.

"விடு."

"மாட்டேன். சொன்னாத்தான் விடுவேன்."

அவள் குனிந்து பார்த்தாள். கவுனில் ஈரம் வட்டமாகத் தெரிந்தது. மகளின் விரல்கள் அதன் மேல்தான் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கட்டைவிரலைக் கடைசியாக. "போ கண்ணு. போய்க் கையைக் கழுவு. அப்புறம் வா" என்றாள். சொல்லும்போதே தன் குரல் ஒன்பது வயதுக் குரலாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மகள் விலகினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய்ச் சத்தம் கேட்கவே இல்லை.

அதுதான் முதல் நாள். பத்து நாளுக்குள் ஊசி.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "கண்ணு, உன்கிட்ட ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள். இடுப்பில் பிடி இறுகியது. எரிச்சல் இல்லை, வலிகூட இல்லை, பிடி. மூச்சு பாதியில் நின்றது. "என்னம்மா?" என்றாள் மகள். "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றதும் தளர்ந்தது.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் டாக்டருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மணி அடிக்கும்போதே இறுகிற்று, அவர் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டாள். வியாதிதான் பிடிக்கிறது, நரம்பு சுண்டுகிறது, வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். நான்காம் நாள் அந்தச் சமாதானமும் போயிற்று. ஏனென்றால் வாசனை வந்தது. மிஷினில் குனிந்திருந்தபோது, பிடரிக்குப் பின்னால், காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமுடி வாசனை. வியர்வையும் பாலும் பொருக்கும் கலந்தது. கூடவே சூடாக ஒரு மூச்சு. மேல்முதுகில் பட்டது. ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் என்று அவளுக்கு டேப் இல்லாமலே தெரியும். மிஷின் நாற்காலிக்குப் பின்னால் நின்றால் மூச்சு சரியாக அங்கேதான் படும்.

திரும்பவில்லை. தைத்தாள். காலர். காலர். காலர்.

ஆறாம் நாள் அரை அங்குலம்தான் இருந்தது. ஏழாம் நாள் விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டது. எட்டாம் நாள் காலை அவள் சாக்கட்டியை எடுத்து, மார்புக் குழியிலிருந்து தொப்புள் வழியாக நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். சாயங்காலம் மறுபடி நின்றாள்.

நான்கு விரலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

தாண்டாது என்றாரே.

பக்கவாட்டுப் பலகையில் முதுகு தெரிந்தது. முதுகுத்தண்டுக்கு வலப்பக்கம். அங்கே இதுவரை ஒன்றும் இல்லை. இப்போது இருந்தது. மூன்று அங்குல அகலத்தில். புதிதாக. இன்னொரு கை புறப்பட்டிருந்தது.

அன்று இரவு அவள் படுக்கவில்லை. படுத்தால் ஒருக்களிக்க வேண்டும். ஒருக்களித்தால் முதுகுப் பக்கம் இடம் இருக்கும். நாற்காலியில் சுவரோடு சுவராக உட்கார்ந்து, உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளுக்குள் விடியற்காலையில்தான் தெளிந்தது. தான் பயப்படுவது சிட்டுவுக்கு இல்லை. அம்மாவின் முகம் மகளுக்கு வந்துவிடுமே என்றுதான். அந்த முகத்துக்குப் பயந்து எட்டு நாளைத் தின்றுவிட்டிருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் மகள் எழுந்து வந்ததும், தையல்காரி எழுந்து நின்றாள்.

"உனக்கு அம்மை வந்ததே இல்ல கண்ணு. நான் பொய் எழுதிக் குடுத்தேன்."

பிடி இறுகிற்று. இரண்டு பக்கமும். விலா உள்ளே போயிற்று. மேசையைப் பிடித்துக்கொண்டாள். விடக் கூடாது. சொல்லு.

"எனக்கு அக்கி வந்திருக்கு. அன்னைக்கு நீ என்னைக் கட்டிப் பிடிச்சியே, உன் கையில பட்டுடுச்சு. பத்து நாளுக்குள்ள ஊசி போடணும். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ஆறு வயசு. சிட்டுன்னு கூப்பிடுவோம். கதவைத் திறந்து நான்தான் கூப்பிட்டேன்."

பெயரைச் சொன்னதும் ஒரு விரல் தளர்ந்தது. கதவைச் சொன்னதும் இன்னொன்று. மூச்சு வந்தது. அவள் அழுதுகொண்டே மீதியையும் சொன்னாள். சிட்டு கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், அம்மாவின் முகத்தையும். சொல்லச் சொல்ல, யாரோ உள்ளேயிருந்து பொறுமையாகப் பிரித்து எடுப்பது போல, விரல் விரலாக எல்லாம் போயிற்று. கட்டைவிரல் கடைசியாக.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் அம்மாவின் முகமாக மாறவில்லை. வெளுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"உனக்கு ஒன்பது வயசும்மா" என்றாள். "ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்." பிறகு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஆனா எங்கிட்ட மறைச்சியே. இத மறைச்சியே. அதை அப்புறம் பேசிக்கலாம். டாக்டருக்குப் போன் பண்ணு" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நேரம் இருக்கு. ஊசிய எடுத்து வெக்கச் சொல்றேன்" என்றார்.

நேரம் இருக்கு. தையல்காரி உள்ளே போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். சாக்கட்டிக் கோடு மட்டும் இருந்தது. இடப்பக்கம், வலப்பக்கம், முதுகு, எங்கும் ஒன்றுமில்லை. வடுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. போய்விட்டாள். பாவம், இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். வாய்விட்டு ஒரு முறை "சிட்டு" என்று சொல்லிப் பார்த்தாள். பதிலுக்கு ஒன்றும் இழுக்கவில்லை.

வாடகைக் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. மழை விட்டிருந்தது, ஜன்னல் வழியே நல்ல வெளிச்சம். தையல்காரி ஒரு கையில் குடையும் மறு கையில் சாவியுமாகக் கதவருகில் நின்றாள். மகள் மூன்று பலகைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப் இருந்தது.

"விடும்மா" என்றாள், தலையைத் திருப்பாமலேயே. "முடி கட்டறேன்ல."

தையல்காரி தன் கைகளைப் பார்த்தாள். குடை. சாவி. கதவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெட்டு மேசை இருந்தது.

மகள் போட்டிருந்தது அவள் தைத்துக் கொடுத்த கவுன்தான். வயிற்றை எங்கும் பிடிக்கக் கூடாது என்று சுற்றிலும் நாலு அங்குலம் தளர்த்தி வெட்டியது. அந்தத் தளர்வு இப்போது இல்லை. முதுகிலிருந்து இரண்டு பக்கமாகவும் துணி இறுகி வந்திருந்தது. வெட்டியதில் பிழை இல்லை. தைத்ததில் பிழை இல்லை. மூன்று பலகையிலும் தெரிந்தது.

வயிற்றின் இடப்பக்கம் ஐந்து சின்ன மடிப்புகள். வலப்பக்கம் ஐந்து.

உள்ளே பிள்ளை ஒருமுறை உதைத்தது. துணி அங்கே எழும்பி அடங்கியது. மடிப்புகள் அசையவில்லை. பிறகு, மெல்ல, இரண்டு பக்கத்திலிருந்தும் அவை நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து வந்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டன.